வாரிசுக் கணக்கும் இரட்டைச் சமன்பாடும்

ஒருவர் இறந்துவிடுகிறார். அவருக்கு ஆண் மக்கள் இருவர். அவர் விட்டுச் சென்ற கைப்பொருள் 10 திர்ஹம். அம்மக்களுள் ஒருவன் தந்தையிடம் இன்னொரு 10 திர்ஹம் கடன் பெற்றிருக்கிறான், திருப்பிக் கொடுத்தானில்லை. தந்தையோ தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை உறவினரல்லாத ஒருவருக்கு வஸிய்யத்துச் செய்துவிட்டுப் போயிருக்கிறார். யார் யாருக்கு எவ்வளவு?

ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் பக்தாதில் எழுதப்பட்ட ஒரு நூலிலிருந்து இக்கணக்கை எடுத்திருக்கிறோம். நம் குடும்பங்களில் பாகப்பிரிவினைக்காகப் பெரியவர்கள் கூடியிருந்து பேசியதைக் கேட்டவர்களுக்கு இது புதிய செய்தியன்று. கடன்பட்ட மகன் ஒருவன், கடன்படாத மகன் ஒருவன், வெளியாள் ஒருவர் என மூவரும் மூன்று நியாயம் பேசுவார்கள்.

முதலில் எளிய வழிகள் இரண்டையும் பார்ப்போம். கடன் முழுவதையும் சொத்தில் சேர்த்துக் கொள்வோமாயின் மொத்தம் 20 திர்ஹம். மூன்றில் ஒரு பங்கு வெளியாளுக்கு. எஞ்சியது இரு மக்களுக்கும் சரிபாதி. ஆளுக்கு 6⅔ திர்ஹம் வரும். ஆனால் கையில் உள்ளதோ பத்தே திர்ஹம். வெளியாள் தமது 6⅔ஐ எடுத்துக்கொண்டு போய்விட்டால், கடன்படாத மகனுக்கு மிஞ்சுவது 3⅓ மட்டுமே. மீதியைச் சகோதரனிடம் கேட்டு வாங்கிக்கொள் என்று அவனுக்குச் சொல்ல வேண்டியதுதான்! மறுபுறம், வராத கடனை அறவே விட்டுவிட்டுக் கையிலுள்ள பத்தை மட்டும் பங்கிட்டால் ஆளுக்கு 3⅓. அப்போது கடன்பட்டவன் தந்தையின் 10 திர்ஹத்தையும் வைத்துக்கொண்டு, அதற்கு மேலும் 3⅓ வாங்கிக்கொண்டு போகிறான். முதல் வழியில் நல்ல மகனுக்கு அநீதி. இரண்டாம் வழியில் அவனோடு வெளியாளுக்கும் அநீதி.

நூலாசிரியர் காட்டும் வழி வேறு. கடன்பட்ட மகனுக்கு வரவேண்டிய பங்கு எவ்வளவோ, அவ்வளவு மட்டும் அவனுடைய கடனிலிருந்து வசூலானதாகக் கொள்ளவேண்டும் என்கிறார் அவர். அந்தப் பங்கு எவ்வளவு என்பது நமக்கு இன்னும் தெரியாது. சொத்தின் மொத்தத்தைக் கொண்டன்றோ பங்கை அறியவேண்டும்? சொத்தின் மொத்தமோ அந்தப் பங்கைச் சேர்த்தால்தான் தெரியும். ஒன்றை அறிய மற்றொன்று வேண்டும். மற்றொன்றை அறிய முதலாவது வேண்டும். இந்த முடிச்சை அவிழ்ப்பதற்குத்தான் இரண்டு சமன்பாடுகள். சொத்து என்பது 10உம் ஒரு பங்கும் சேர்ந்தது என்பது ஒன்று. பங்கு என்பது சொத்தில் மூன்றில் ஒன்று என்பது மற்றொன்று. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், சொத்தில் மூன்றில் ஒரு பாகத்தை நீக்கினால் எஞ்சும் மூன்றில் இரு பாகம் 10 ஆகிறது. ஆகவே சொத்து 15; பங்கு 5. கையிலுள்ள பத்தில் வெளியாள் ஐந்தும் கடன்படாத மகன் ஐந்தும் பெறுகிறார்கள். கடன்பட்டவனின் ஐந்து அவனுடைய கடனிலேயே கழிகிறது. மூவருக்கும் ஒரே அளவு. ஒருவரும் மற்றவர் வாசலுக்குப் போய் நிற்க வேண்டியதில்லை.

இந்நூலை எழுதியவர் முஹம்மது இப்னு மூஸா அல் குவாரிஸ்மீ. கி.பி. 813 முதல் 833 வரை ஆட்சி புரிந்த கலீஃபா மஃமூனின் ஆதரவில் வாழ்ந்த அறிஞர். நூலின் பெயரிலுள்ள 'அல் ஜப்ர்' என்னும் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் 'அல்ஜீப்ரா' ஆயிற்று என்பதனைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஜப்ர் என்பது குறைந்ததை நிறைத்தல், முறிந்ததைப் பொருத்துதல். ஸ்பெயின் நாட்டில் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியனை நெடுங்காலம் 'அல்ஜெப்ரிஸ்தா' என்றே அழைத்து வந்தனர். முகாபலா என்பது இருபுறமும் பொதுவாய் உள்ளவற்றை எதிரெதிரே வைத்துக் கழித்தல். நாம் மேலே சொத்திலிருந்து மூன்றில் ஒரு பாகத்தை நீக்கியது இந்த முகாபலாவே.

எல்லாரும் அறிந்த இச்செய்தியோடு நின்றுவிடுகிறவர்கள் நூலின் உள்ளே நுழைந்து பார்ப்பதில்லை. மக்களுக்கு அன்றாடம் தேவைப்படும் வாரிசுரிமை, வஸிய்யத்து, பாகப்பிரிவினை, வழக்கு, வாணிபம், நில அளவை, கால்வாய் தோண்டுதல் ஆகியவற்றுக்காகவே இதனைத் தொகுத்ததாக ஆசிரியர் முன்னுரையில் குறிக்கிறார். அது வெறும் முகமன் உரையன்று. நூலில் ஏறத்தாழப் பாதி வஸிய்யத்துக் கணக்குகளே. இருந்தும், செஸ்டர் நகரத்து ராபர்ட் 1145இல் செகோவியாவில் செய்த லத்தீன் மொழிபெயர்ப்பிலும், அதே நூற்றாண்டில் கிரிமோனா ஊரினரான ஜெரார்டு தொலேதோவில் செய்த மொழிபெயர்ப்பிலும் அந்தப் பாதி இடம்பெறவில்லை. கிறிஸ்தவ ஐரோப்பாவுக்கு இஸ்லாமிய வாரிசுச் சட்டத்தால் பயன் இல்லை, விட்டுவிட்டார்கள். அதில் குறைகூற ஒன்றுமில்லை. ஆயினும் அதன் விளைவாக, அல்ஜீப்ரா என்பது எண்களின் விளையாட்டாகவே உலகுக்கு அறிமுகமாயிற்று.

எண் விளையாட்டும் நூலில் இல்லாமல் இல்லை. பத்தை இரு கூறாக்கி, ஒவ்வொரு கூறையும் தன்னாலேயே பெருக்கி, இரண்டையும் கூட்டினால் 58 வருகிறது. கூறுகள் யாவை என்பது அவற்றுள் ஒன்று. தெரியாதவை இங்கு இரண்டு. தெரிவிக்கப்பட்ட செய்திகளும் இரண்டு. ஆனால் குவாரிஸ்மீ இரண்டு பெயர் வைப்பதில்லை. ஒரு கூறுக்கு 'ஷைஉ', அதாவது 'பொருள்' என்று பெயரிடுகிறார். மற்றதற்குத் தனிப்பெயர் வேண்டாம். அது 'பத்துக் குறைய ஒரு பொருள்'. முதற் செய்தி பெயரிடும்போதே செலவாகிவிட்டது. இரண்டாம் செய்தியை மட்டும் சமன்பாடாக்கினால் போதும். 7, 3 என்னும் விடைகள் வந்துவிடுகின்றன. எழுத்துக் குறியீடு எதுவும் இல்லை. கூட்டற்குறி, கழித்தற்குறி இல்லை. எண்களைக்கூடச் சொல்லால் எழுதிய காலம் அது.

இனி, நாம் சொல்ல வந்த விடயத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். 'நோயுற்ற நிலையில் திருமணம்' என்னும் தலைப்பில் குவாரிஸ்மீ ஒரு கணக்குத் தருகிறார். ஒருவர் மரணப் பிணியில் கிடக்கையில் ஒரு பெண்ணை மணமுடித்து 100 திர்ஹம் மஹர் கொடுக்கிறார். அவருக்கு அதைத் தவிர வேறு சொத்தில்லை. அப்பெண்ணின் நிலைக்குத் தகுந்த வழக்கமான மஹர் 10 திர்ஹமே. பின்னர் அப்பெண் தன் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை வஸிய்யத்துச் செய்துவிட்டு, கணவருக்கு முன்னதாகவே இறந்துவிடுகிறாள். அதன்பின் கணவரும் இறக்கிறார். பங்கீடு யாது?

மேலோட்டமாகப் பார்ப்பவர், 100 திர்ஹமும் அவளுடையதாயிற்றே, அதில் மூன்றில் ஒன்று வஸிய்யத்து, எஞ்சியதில் பாதி கணவருக்கு, பாதி அவளுடைய வாரிசுகளுக்கு என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார். சட்டம் அறிந்தவர் அவ்வாறு முடிக்கமாட்டார். மரணப் பிணியில் கிடப்பவர் கொடுக்கும் கொடை, தம் வாரிசுகளைப் பாதிக்கும் அளவுக்குப் போய்விடலாகாது. சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பது நம் ஃபிக்ஹு நூல்களின் தீர்ப்பு. வழக்கமான மஹராகிய 10 அவளுடைய உரிமை; அதில் கைவைக்க இயலாது. அதற்கு மேற்பட்ட 90 திர்ஹமோ மஹர் என்னும் பெயரில் வழங்கப்பட்ட கொடை. அதில் எவ்வளவு செல்லும் என்பதே வினா.

செல்லுபடியாகும் கொடையைப் 'பொருள்' என்போம். பெண்ணின் சொத்து 10உம் ஒரு பொருளும். அதில் மூன்றில் ஒன்று அவளுடைய வஸிய்யத்துக்குப் போகிறது. எஞ்சிய மூன்றில் இரண்டில், பிள்ளையில்லாமையால், பாதி கணவருக்கு வாரிசுரிமையாகத் திரும்பி வருகிறது. அதாவது, அவளுடைய சொத்தில் மூன்றில் ஒரு பாகம் கணவரிடம் மீளுகிறது. ஆகவே கணவரின் வாரிசுகளுக்கு உரியது, 90இல் பொருளைக் கழித்த மீதியும், பத்தும் பொருளும் சேர்ந்ததில் மூன்றில் ஒன்றும் ஆகும். இது முதற் சமன்பாடு. கணக்கின் சொற்களிலேயே இது அடங்கியிருக்கிறது.

இரண்டாவது சமன்பாடு எங்கே? கணக்கின் சொற்களில் அதைத் தேடினால் கிடைக்காது. கொடை மூன்றில் ஒன்றாக இருக்க, வாரிசுகளுக்கு உரியது மூன்றில் இரண்டாக இருக்கவேண்டும். எனவே வாரிசுகளின் தொகை பொருளைப்போல் இருமடங்கு. இதனைச் சொல்வது சட்டம். இவ்விரண்டையும் சேர்த்தால், 93⅓இல் பொருளின் மூன்றில் இரு பாகத்தைக் கழித்தது இரண்டு பொருளுக்குச் சமம் என்றாகிறது. பொருள் 35 என விடை வருகிறது.

சரிபார்ப்போம். பெண்ணின் சொத்து 10உம் 35உம் சேர்ந்து 45. வஸிய்யத்து 15, கணவருக்கு 15, அவளுடைய மற்ற வாரிசுகளுக்கு 15. கணவரிடம் முன்பே எஞ்சியது 55. மீண்டு வந்தது 15. ஆக அவருடைய வாரிசுகளுக்கு 70. கொடையாகிய 35இன் இருமடங்கு. 90உம் மீண்டு வந்த 15உம் சேர்ந்த 105இல் சரியாக மூன்றில் ஒன்றுதான் கொடை. கொடை கூடினால் மீண்டு வருவது கூடுகிறது. மீண்டு வருவது கூடினால் கொடையின் வரம்பு கூடுகிறது. வட்டமாகச் சுழலும் இச்சிக்கலைத் தோராயமாகத் தீர்த்துவைத்தால் யாராவது ஒருவருடைய ஹக்கு பறிபோகும்.

இந்த வஸிய்யத்துப் பகுதியையும் உள்ளடக்கிய அரபு மூலத்தை, ஆக்ஸ்ஃபோர்டிலிருந்த ஏட்டுப் பிரதியைக் கொண்டு, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1831இல் லண்டனில் வெளியிட்டவர் ஃபிரெடெரிக் ரோசன் என்னும் ஜெர்மானிய அறிஞர். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தோ இருபத்தாறோதான். சமஸ்கிருதமும் அரபும் கற்றவர். 32ஆம் வயதிலேயே மறைந்துவிட்டார். அவருக்கு நாம் கடன்பட்டவர்கள். எனினும் அவர் எழுதிய ஒரு குறிப்பு நூறாண்டுக் காலம் குவாரிஸ்மீயின் பெயருக்கு மாசாக நின்றது. இக்கணக்குகளுள் பலவற்றின் விடைகள் கணித நோக்கில் தவறானவை என்றார் ரோசன். சமன்பாடு அமைத்த பின்னர் அதனைத் தீர்க்கும் முறையில் பிழையில்லையாம். ஆனால் சொற்கணக்கைச் சமன்பாடாக மாற்றும் இடத்தில், கணக்கில் இல்லாத அனுமானங்களை ஆசிரியர் தம் விருப்பப்படி புகுத்திவிடுகிறாராம். அரபுச் சட்ட வல்லுநர்களின் விதிகளோடு விடை ஒத்துவரவேண்டும் என்பதற்காக அவ்வாறு செய்கிறாராம்.

குற்றச்சாட்டு எந்த இடத்தில் விழுகிறது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம். தீர்க்கும் இடத்தில் அன்று, மொழிபெயர்க்கும் இடத்தில். சொல்லிலிருந்து சமன்பாட்டுக்கு மாற்றுவதும் ஒரு மொழிபெயர்ப்புத்தானே! ரோசன் கணக்கின் வாக்கியங்களை மட்டும் மூலமாகக் கொண்டார். குவாரிஸ்மீக்கோ மூலம் இரண்டு: வாக்கியம் ஒன்று, சட்டம் மற்றொன்று. அவருடைய காலத்து வாசகனிடம் மூன்றில் ஒன்று என்னும் வரம்பை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அங்காடியில் நிற்பவனுக்கும் அது தெரியும்.

இதனை ஆதாரங்களோடு நிறுவியவர் ஸாலமன் கான்ட்ஸ் என்னும் யூத அறிஞர். 1938இல் 'ஒஸிரிஸ்' என்னும் அறிவியல் வரலாற்று ஏட்டில், வாரிசுரிமையின் அல்ஜீப்ரா பற்றி எழுபது பக்கங்களுக்கு மேற்பட்ட கட்டுரை ஒன்றை அவர் வெளியிட்டார். அக்கட்டுரையின் நோக்கமே குவாரிஸ்மீக்கு இழந்த மதிப்பை மீட்டுத் தருவதுதான் என்று அதன் தலைப்பிலேயே குறித்திருந்தார். இஸ்லாமியச் சட்டநூல்களின் விதிகளை அருகே வைத்துக் கணக்குகளைப் படித்துக்காட்டி, ரோசன் 'விருப்பப்படி புகுத்தியவை' என்று கருதியவை சட்டத்தின் நேரான விளைவுகளே என்று அவர் விளக்கினார். நம்மவர் எவரும் செய்யாத இப்பணியை ஒரு யூதர் செய்தார் என்பதனை நன்றியோடு குறிக்கவேண்டும். மதரஸாக்களில் ஃபராயிள் ஓதிக் கொடுக்கும் ஆலிம்களிடம் இந்தச் சட்ட அறிவு என்றும் இருந்தே வந்திருக்கிறது. கணித வரலாறு எழுதியோர் அவர்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களும் கணித வரலாற்றின் பக்கம் திரும்பவில்லை.

குவாரிஸ்மீயின் ஒற்றைப் 'பொருள்' எல்லா இடத்துக்கும் போதுமானதாயில்லை. அவருக்கு அடுத்த தலைமுறைகளில் எகிப்தில் வாழ்ந்த அபூ காமில் ஷுஜாஉ இப்னு அஸ்லம் தெரியாத தொகைகளுக்குத் தனித்தனிப் பெயர் சூட்டத் தொடங்கினார். ஒன்று 'ஷைஉ', மற்றொன்று 'தீனார்', இன்னொன்று 'ஃபல்ஸு'. காசுப் பெயர்களைத் தெரியாதவற்றுக்கு வைத்தது நல்ல உத்தி. காசுக்குக் காசு வேறு என்பதனைப் போல், தெரியாத தொகைகளும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் நிற்கும். இக்காலத்துப் பிள்ளைகள் ஒருங்கமை சமன்பாடு போடும்போது இரண்டு தெரியாத தொகைகளுக்கும் ஒரே எழுத்தை வைத்துவிட்டுத் திண்டாடுவதைக் காண்கிறோம். அபூ காமிலுக்கு அந்த இடர் நேர்ந்திருக்காது.

பறவைக் கணக்குகளுக்கென்றே அவர் ஒரு சிறு நூல் எழுதினார். கணிதக் கலையின் அரியவை பற்றியது என்று பொருள்படும் பெயர் அதற்கு. முதற் கணக்கு இது: நூறு திர்ஹத்துக்கு நூறு பறவை வாங்கவேண்டும். வாத்து ஒன்று 5 திர்ஹம். கோழி ஒன்று ஒரு திர்ஹம். சிட்டுக்குருவி ஒரு திர்ஹத்துக்கு இருபது. ஒவ்வொன்றும் எத்தனை?

தெரியாதவை மூன்று, சமன்பாடுகளோ இரண்டு. பறவைகளின் தொகை 100 என்பது ஒன்று, விலையின் தொகை 100 என்பது மற்றொன்று. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் கோழி மறைந்துவிடுகிறது. எஞ்சுவது என்னவெனில், வாத்தின் எண்ணிக்கையை நான்கால் பெருக்கினால் குருவியின் எண்ணிக்கையில் இருபதில் பத்தொன்பது பாகம் ஆகும். இதற்கு எண்ணற்ற விடைகள் இருக்கலாமே என்று தோன்றும். ஆனால் அரைப் பறவையை எவரும் விற்பதில்லை! பறவை முழுதாக இருக்கவேண்டுமாயின் வாத்து பத்தொன்பதின் மடங்காகத்தான் இருக்க இயலும். 19 வாத்து, 80 குருவி, 1 கோழி. அடுத்த மடங்காகிய 38 வாத்துக்கு 160 குருவி வேண்டும், நூறைத் தாண்டிவிடும். ஆகவே விடை ஒன்றே ஒன்று. இங்கும் கணக்கில் எழுதப்படாத ஒரு நிபந்தனைதான் முடிச்சை அவிழ்க்கிறது என்பதை நோக்குக. ரோசன் இதைக் கண்டிருந்தால் பறவை முழுதாக இருக்கவேண்டும் என்பதும் புகுத்தப்பட்ட அனுமானம் என்று சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறோம்.

அந்நூலின் கணக்குகள் அனைத்தும் இவ்வளவு அடக்கமானவை அல்ல. ஒன்றுக்கு விடையே இல்லை என்று அபூ காமில் காட்டுகிறார். இன்னொன்றில் ஐந்து வகைப் பறவைகள்: வாத்து ஒன்று 2 திர்ஹம்; புறா ஒரு திர்ஹத்துக்கு இரண்டு; காட்டுப் புறா மூன்று; வானம்பாடி நான்கு; கோழி ஒரு திர்ஹம். தொகை அதே நூறுக்கு நூறு. இதற்கு 2676 விடைகள் உள்ளன என்கிறார்! கேட்டவர்கள் நம்பவில்லையாம். பலரும் ஒரு விடையை ஊகித்துச் சொல்லிவிட்டுத் திருப்தியடைந்திருந்த கணக்கு இது; இவர் ஆயிரக்கணக்கில் சொன்னபோது அறியாதவர்கள் இவரையே சந்தேகித்தார்கள். அதனால்தான் நூலை எழுத நேர்ந்தது என்று முன்னுரையில் வருந்திக் கூறுகிறார்.

நாமும் எண்ணிப் பார்த்தோம். காட்டுப் புறா மூன்றின் மடங்காகவும், வானம்பாடி இரட்டை எண்ணாகவும் இருக்கவேண்டும். வானம்பாடியின் பாதி ஒற்றையானால் புறாவும் ஒற்றை. அது இரட்டையானால் புறாவும் இரட்டை. இரட்டைப் பிரிவில் 1233 விடைகளும், ஒற்றைப் பிரிவில் 1445 விடைகளும் கிடைக்கின்றன. மொத்தம் 2678. ஆக, அபூ காமில் இரண்டைத் தவறவிட்டிருக்கிறார். கணிப்பொறி கனவிலும் இல்லாத காலத்தில், தாளும் மையும் கொண்டு, இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சத்தில் இரண்டே விடுபட்டிருக்கின்றன. அந்தப் பொறுமையை எண்ணி நாம் வியக்கிறோம்.

அவருக்குப் பின் இக்கலை வெகுதூரம் சென்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஸமவ்அல் தமது 'அல் பாஹிர்' என்னும் நூலில் பத்துத் தெரியாத தொகைகளை ஆறாறாகக் கூட்டி வரும் 210 சமன்பாடுகளை ஆராய்கிறார். அந்நூலை எழுதும்போது அவருக்கு வயது 19. 1204இல் மறைந்த மொராக்கோவின் இப்னுல் யாஸமீன் அல்ஜீப்ராவைச் செய்யுளாகவே பாடிவைத்தார். மனனம் செய்துகொள்ள எளிதல்லவா! 1486இல் மறைந்த அந்தலுஸ் அறிஞர் அல் கலஸாதி, 'ஷைஉ' என்பதற்கு அதன் முதலெழுத்தாகிய 'ஷீன்' எழுத்தை மட்டும் குறியீடாக எழுதினார். பிரான்சின் வியேத்து 1591இல் எழுத்துகளைக் கொண்டு கணக்கெழுதும் முறையை விரிவாக வகுத்தார். தேக்கார்த்து 1637இல் தெரியாத தொகைகளுக்கு லத்தீன் நெடுங்கணக்கின் கடைசி எழுத்துகளை வைத்தார். அவ்வெழுத்துகளுள் பெருவழக்கான 'எக்ஸ்', அரபு 'ஷைஉ' என்பதன் ஸ்பானியத் திரிபே எனச் சிலர் பெருமையோடு எழுதுகிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. அதற்கு நம்பத்தக்க சான்று எதனையும் நாம் கண்டதில்லை. நம்மிடம் உள்ள உண்மையான பெருமைகள் போதும். ஐயத்துக்குரியதை அவற்றோடு சேர்க்கவேண்டியதில்லை.

இக்கலையில் நம் பாரத நாட்டின் பங்கையும் சொல்லாமல் விடுவது நன்றன்று. குவாரிஸ்மீயே இந்திய எண்களைப் பற்றித் தனி நூல் எழுதியவர். ஒன்பதாம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷனின் காலத்தில் வாழ்ந்த சமண அறிஞர் மகாவீரர் 'கணித சார சங்கிரகம்' இயற்றினார். இதனைச் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியராயிருந்த ம. ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார். 1912இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது. அதில் ஒரு பழக்கணக்கு உண்டு. நாரத்தை இனத்துப் பழம் 9உம் விளாம்பழம் 7உம் சேர்ந்து விலை 107. அப்பழம் 7உம் விளாம்பழம் 9உம் சேர்ந்து விலை 101. தனித்தனி விலை யாது?

பெரிய விலையைப் பெரிய எண்ணாலும் சிறிய விலையைச் சிறிய எண்ணாலும் பெருக்கி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, அவ்விரு எண்களின் வர்க்கங்களுடைய வித்தியாசத்தால் வகுக்கச் சொல்கிறார் மகாவீரர். 963இல் 707 போக 256. அதனை 32ஆல் வகுக்க 8. அது முதற்பழத்தின் விலை, விளாம்பழம் 5. இதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவோர் வேறொரு குறுக்கு வழியையும் காட்டலாம். இரண்டு விலைகளையும் கூட்டினால் 16 முதற்பழமும் 16 விளாம்பழமும் 208; ஆகவே சோடி ஒன்று 13. கழித்தால் இரண்டு முதற்பழத்துக்கும் இரண்டு விளாம்பழத்துக்கும் உள்ள வேறுபாடு 6. ஆகவே ஒன்றுக்கொன்று வேறுபாடு 3. கூட்டுத்தொகை 13, வேறுபாடு 3 என்றால் விடை எட்டும் ஐந்தும் என்பதை மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்கள்.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் பாஸ்கராசாரியார் எழுதிய 'பீஜ கணிதம்' தெரியாத தொகைகளுக்கு வண்ணங்களின் பெயர்களைச் சூட்டுகிறது: கருப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு. அங்கே வண்ணம், எகிப்தில் காசு, தேவை ஒன்றே. இந்நூலை 1634ஆம் ஆண்டளவில் பாரசீகத்தில் மொழிபெயர்த்துப் பேரரசர் ஷாஜஹானுக்குக் காணிக்கையாக்கியவர் அதாவுல்லாஹ் ரஷீதி. தாஜ்மஹாலின் கட்டடக் கலைஞரெனக் கருதப்படும் உஸ்தாத் அஹ்மது லாஹோரியின் புதல்வர் அவர். தந்தை ஆக்ராவில் பளிங்கை அளந்துகொண்டிருந்த ஆண்டுகளில் மைந்தர் சமஸ்கிருதச் சமன்பாடுகளைப் பாரசீகத்தில் வடித்துக்கொண்டிருந்தார். எட்வர்டு ஸ்ட்ரேச்சி 1813இல் வெளியிட்ட ஆங்கில நூல் இப்பாரசீக நூலிலிருந்து வந்ததே. சமஸ்கிருத மூலத்திலிருந்து கோல்புரூக் செய்த மொழிபெயர்ப்பு அதற்கு நான்காண்டுகள் பிந்தியது.

பீஜ கணிதத்திலுள்ள கணக்கு ஒன்றை மட்டும் ஈண்டுக் காட்டுவோம். நண்பர் இருவர். நீ எனக்கு நூறு கொடுத்தால் உன்னைவிட இருமடங்கு செல்வனாவேன் என்கிறார் முதல்வர். நீ எனக்குப் பத்துக் கொடுத்தால் உன்னைவிட ஆறு மடங்கு செல்வனாவேன் என்கிறார் மற்றவர். யாரிடம் எவ்வளவு உள்ளது?

முதல்வரின் செல்வம் ஒன்று, மற்றவரின் செல்வம் ஒன்று என இரு பெயர் வைத்து இரு சமன்பாடு எழுதுவது இன்றைய பள்ளி முறை. பாஸ்கரர் பெயரிடுவதிலேயே தம் திறனைக் காட்டுகிறார். நூறு கொடுத்த பின் மற்றவரிடம் எஞ்சுவதே அவருடைய தெரியாத தொகை. அப்படியானால் மற்றவரிடம் முன்பு இருந்தது அத்தொகையும் நூறும். முதல்வரிடம் இருந்தது அத்தொகையின் இருமடங்கில் நூறு குறைய. முதல் நண்பரின் பேச்சு இதிலேயே நிறைவேறிவிட்டது. இனி இரண்டாம் நண்பரின் பேச்சு: மற்றவர் பத்தைப் பெற்றால் அவரிடம் தொகையும் 110உம். முதல்வர் பத்தை இழந்தால் அவரிடம் இருமடங்கில் 110 குறைய. முன்னது பின்னதைப்போல் ஆறு மடங்கு. அதாவது, தொகையும் 110உம் சேர்ந்தது, தொகையின் பன்னிரு மடங்கில் 660 குறைந்ததற்குச் சமம். குறைந்த 660ஐ இருபுறமும் நிறைத்தால் ஜப்ர். இருபுறமும் பொதுவாக உள்ள ஒரு தொகையைக் கழித்தால் முகாபலா. பதினொரு மடங்கு 770, தொகை 70. முதல்வரிடம் இருந்தது 40, மற்றவரிடம் 170.